பூங்காவுக்கும் ஒரு தூதர்



‘தூதர்’ என்ற சொல்லுக்கு ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் பொருள் கேட்டுப் பாருங்கள். கோலாலம்பூரில் இருக்கும் வெளிநாட்டுத் தூதரகத்தை ஒருவன் சொல்வான். தேவதூதர் என்பாள் இன்னொருத்தி. பற்பசை விளம்பரத்தில் வரும் நடிகரைச் சொல்கின்ற பிள்ளையும் உண்டு. நாடு, தெய்வம், பற்பசை ஆகிய மூன்றுக்கும் தூதர் இருக்கலாம் என்பதை அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால், ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கும் நல்லெண்ணத் தூதர் உண்டு என்று சொன்னபோது வகுப்பே சிரித்தது. “சறுக்குக்கும் இராட்டினத்துக்கும் எதுக்குங்க ஐயா தூதர்?” என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்விதான். அதற்கு வகுப்பறையில் பத்து நிமிடத்தில் விடைசொல்ல இயலாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் மரபில் தூது என்பது எளிய பணியன்று. திருக்குறளில் அதற்கென்றே தனி அதிகாரம் உண்டு, 69-ஆவது அதிகாரம். அன்பு வேண்டும், அறிவு வேண்டும், எண்ணிப் பார்த்துப் பேசும் திறம் வேண்டும் என்று அங்கே வள்ளுவர் தூதருக்குரிய தகுதிகளை அடுக்குகிறார். பார்ப்பவர் மதிக்கும் தோற்றத்தையும் அவர் விட்டுவிடவில்லை. ஆனால், தோற்றத்தை அறிவுக்கும் கல்விக்கும் நடுவில் வைத்துத்தான் சொல்கிறார். தனியே நிற்க விடவில்லை. சங்க காலத்தில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது அந்த அம்மையார் பேசிய பேச்சு புறநானூற்றில் 95-ஆவது பாடலாக நிற்கிறது. மெருகு குலையாத அவனுடைய கருவிகளைப் புகழ்வது போலவே புகழ்ந்து, போரைக் கண்டறியாதவன் நீ என்பதை அவனுக்கு உணர்த்திவிட்டு வந்தார். தூது என்றால் சிரித்துக்கொண்டே கைகுலுக்குவது மட்டும் அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சரி, பூங்காவுக்கு வருவோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனாஹைம் என்னும் ஊரில், 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. அதனை உருவாக்கிய வால்ட் டிஸ்னியே முதல் பத்தாண்டுகளுக்கு அதன் முகமாகவும் இருந்தார். தொலைக்காட்சியில் தோன்றிப் பேசுவது, பெரிய விருந்தினர்களை வரவேற்பது, விழாக்களுக்குச் செல்வது எல்லாம் அவரே. பத்தாம் ஆண்டு விழா நெருங்கியபோது அழைப்புகள் பெருகிவிட்டன. ஒரு மனிதர் எத்தனை ஊருக்குத்தான் போவார்? தமக்குப் பதிலாகப் பூங்காவின் சார்பில் பேச ஒருவர் வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. பூங்காவின் விளம்பரப் பிரிவில் இருந்த ஜேக் லிண்ட்குவிஸ்ட் என்பவர் ஒரு திட்டம் வகுத்தார். பின்னாளில் அப்பூங்காவின் தலைவராகவும் உயர்ந்தவர் அவர்.

அத்திட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அவர்கள் ஒரு திரைப்பட நடிகையைத் தேடிப் போகவில்லை. ஆலிவுட் பக்கத்திலேயே இருந்தும் போகவில்லை! பூங்காவுக்குள்ளேயே நாள்தோறும் விருந்தினர்களை அழைத்துச் சென்று இடம் காட்டும் வழிகாட்டிப் பெண்களுள் ஒருவரான ஜூலி ரீம் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1965-ஆம் ஆண்டுக்கு அவரே பூங்காவின் தூதர். நாடுவிட்டு நாடு சென்று பூங்காவைப் பற்றிப் பேசினார். அவ்வாண்டின் சனவரித் தொடக்கத்தில் ஒளிபரப்பான பத்தாம் ஆண்டு விழாத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வால்ட் டிஸ்னி இவரைத் தம் கலைஞர்கள் பணிபுரியும் கூடத்துக்கு அழைத்துச் சென்று, இனி வரவிருக்கும் காட்சிகளின் மாதிரிகளைக் காட்டுகிறார். கடற்கொள்ளையர் காட்சி மக்களுக்குத் திறக்கப்பட்டது 1967-இல்; பேய்மாளிகை திறக்கப்பட்டது 1969-இல். ஆக, தாம் பேசவிருக்கும் பொருளை ஊருக்கு முன்னதாகவே உள்ளே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அந்தத் தூதருக்குத் தரப்பட்டிருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வால்ட் டிஸ்னி 1966-ஆம் ஆண்டு திசம்பரில் மறைந்தார். ஆனால் தூதர் பதவி மறையவில்லை. ஆண்டுதோறும் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் முப்பது ஆண்டுகள் அளவுக்குப் பெண்களே அப்பதவியில் இருந்தனர். 1990-களின் நடுவில்தான் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். தோக்கியோவில் 1983-இல் திறக்கப்பட்ட பூங்காவிலும், பின்னர் பாரிஸ், ஆங்காங், சாங்காய் ஆகிய இடங்களில் தோன்றிய பூங்காக்களிலும் இந்த வழக்கம் தொடர்கிறது. அங்குப் பணியாற்றும் யாரும் விண்ணப்பிக்கலாம். உணவு பரிமாறுபவர், வண்டி ஓட்டுபவர், சீட்டு விற்பவர் என்ற வேறுபாடு இல்லை. நேர்முகத் தேர்வுகள் உண்டு, மேடைப்பேச்சு உண்டு, பூங்காவின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். தேர்வு பெற்றவர் செய்தியாளர்களுக்கு விளக்கம் சொல்வார், மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளைப் பார்க்கச் செல்வார், தொண்டு நிகழ்ச்சிகளில் பங்கெடுப்பார், சக பணியாளர்களின் விழாக்களையும் நடத்தித் தருவார். பதவிக்காலம் முடிந்ததும் வேறு பணிக்குத் திரும்புவார்.

நம் ஊரில் ‘விளம்பரத் தூதர்’ என்றால் படத்தில் பார்த்த முகம் என்று பொருள். அந்த முகத்துக்குரியவர் அப்பொருளைப் பயன்படுத்துகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. மேலே சொன்னது வேறு வகை. உள்ளிருந்து ஒருவர் வெளியே வந்து, தாம் வேலை செய்யும் இடத்தைப் பற்றிப் பேசுவது அது.

(மலேசியாவுக்கு வருகை புரியும் ஆண்டு 2026-க்கு நம் நாடு ‘வீரா’, ‘மஞ்சா’ என்னும் இரண்டு கரடிகளைச் சின்னமாக அறிவித்தது. அழகான கரடிகள்தாம். கரடியிடம் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது அதிலுள்ள வசதி.)

இவற்றையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் பழைய மாணவி ஒருத்தி. பீடோங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. தொடக்கப்பள்ளியில் கதை சொல்லும் போட்டிக்கு நான் பயிற்சி அளித்த பிள்ளைகளுள் ஒருத்தி. மாவட்ட அளவில் மூன்றாம் நிலைக்கு வந்தாள். தோட்டம் கைமாறி, இரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது குடும்பம் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தது. அவள் படித்து முடித்து, வடமாநிலத்தில் உள்ள ஒரு நீர்க்கேளிக்கைப் பூங்காவில் சீட்டு விற்கும் முகப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். ஓராண்டு கழித்து நிருவாகம் அவளை அழைத்து, பள்ளிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் சென்று பூங்காவின் சார்பில் பேசவும், வரும் குழுக்களை வரவேற்கவும், செய்தியாளர் வந்தால் விளக்கம் சொல்லவும் ஆள் தேவை, நீ வருகிறாயா என்று கேட்டிருக்கிறது. மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அவள் தடையின்றிப் பேசுவாள்.

அவளுடைய தந்தைக்கு அதில் விருப்பமில்லை. தீபாவளிக்கு மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அவர் கேட்டார்: “வாத்தியாரே, நீங்களே சொல்லுங்க. பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறதுக்கா இவள நான் படிக்க வச்சேன்?”

“நிக்கிற வேல இல்லப்பா, பேசுற வேல,” என்றாள் மகள்.

“அதுதாம்மா எனக்குப் பயமா இருக்கு. எங்க தாத்தாவையும் ஒருத்தன் பேசித்தான் கூட்டிக்கிட்டு வந்தான்.”

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பெண்பிள்ளை நாலு பேர் முன்னால் நிற்பதா என்றுதான் சொல்லப் போகிறார் என்று எண்ணியிருந்தேன். அவருடைய அச்சம் அதைவிடப் பழையதாக இருந்தது.

அவர் சொன்ன அந்த ‘ஒருத்தன்’ யார் என்று இந்நாட்டுத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. கங்காணிதான். மலாயாத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவரையே தேர்ந்தெடுத்து, கையில் உரிமச் சீட்டைக் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கே ஆள்சேர்க்க அனுப்பி வைத்தது தோட்ட நிருவாகம். 1907-இல் குடியேற்ற நிதி அமைக்கப்பட்ட பிறகு தொழிலாளிக்குக் கப்பல் செலவு இல்லை. நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ முகாம், பிறகு கப்பல், பினாங்கு வந்ததும் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல், அதன்பின் தோட்டம். ஊரில் போய் இறங்கும் கங்காணி வெறும் ஆளாகப் போகமாட்டார். நல்ல சட்டை, தலைப்பாகை, கையில் காசு, வாய் நிறையச் சிரிப்பு. அவர் சேர்க்கும் ஆளைப் பொறுத்து அவருக்கு வருமானம். வேலை செய்த தோட்டத்தின் பெருமையை, வேலை செய்த ஒருவரே, தம் சொந்த மக்களிடம், தம் சொந்த மொழியில் எடுத்துச் சொன்னார். மேலே நான் பாராட்டிய ‘உள்ளிருந்து வரும் தூதர்’ என்னும் இலக்கணம் கங்காணிக்கு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. இது தோன்றியபோது எனக்கே ஒரு கணம் பேச்சு நின்றுவிட்டது.

எல்லாக் கங்காணிகளும் பொய்யர்கள் என்று சொல்வதற்கில்லை. வழித்துணையாக வந்து, மொழி தெரியாத இடத்தில் மக்களைக் காத்தவர்களும் இருந்தனர். ஆனால் காய்ச்சலையும் அட்டையையும் அட்டவணைக் கூலியையும் பற்றி ஊரில் அவர் எவ்வளவு சொன்னார் என்பதுதான் கேள்வி. இந்திய அரசு 1938-இல் உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்த பிறகே அந்தத் தூது முடிவுக்கு வந்தது.

டிஸ்னி நிறுவனத்தின் வரலாற்றிலும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க ஒரு கட்டம் உண்டு. புளோரிடா மாநிலத்தில் அவர்களுடைய இரண்டாவது பெரும்பூங்கா திறக்கப்பட்டது 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள். ஆனால் அதற்கு முன்பே, 1970-ஆம் ஆண்டிலேயே, அப்பூங்காவுக்கு டெபி டேன் என்னும் பெண்மணி தூதராக அமர்த்தப்பட்டுவிட்டார். சுற்றிலும் சதுப்பு நிலத்தைச் சீர்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். முன்காட்சி நிலையம் ஒன்றில் மாதிரி உருவங்களையும் படங்களையும் வைத்து வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறார்கள். இல்லாத ஊருக்குத் தூதர்! கேட்பவர் பார்க்க முடியாத ஓர் இடத்தைப் பற்றி, முகத்தையும் சொல்லையும் மட்டும் நம்பச் சொல்லும் பணி. கங்காணி செய்ததும் அதுவேதான்.

வேறுபாடு எங்கே இருக்கிறது? அந்தப் பெண்மணியின் பேச்சை நம்பிப் போனவர், பூங்கா பிடிக்கவில்லையென்றால் மாலையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். சீட்டுக் காசு போகும், அவ்வளவுதான். கங்காணியை நம்பிக் கப்பலேறியவர் அப்படித் திரும்ப முடியவில்லை. கேட்டவருக்குத் திரும்பிப் போகும் வழி இருக்கும்போதுதான் தூதரின் சொல்லுக்கு ஒரு கணக்குக் கேட்கப்படுகிறது. வழி அடைபட்டால் சொன்னவர் எதையும் சொல்லியிருக்கலாம்.

இதையெல்லாம் அன்று அந்த வீட்டில் நான் சொல்லவில்லை. முறுக்கைத்தான் கடித்துக்கொண்டிருந்தேன். “ஒரு கிழமை கொடுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்” என்று வந்துவிட்டேன்.

விசாரிக்கும்போது, சிரிப்பைப் பற்றியே சிலர் ஆராய்ந்து எழுதியிருப்பது தெரிந்தது. ஆர்லி ஆக்சில்டு என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1983-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். விமானப் பணிப்பெண்கள் கையால் செய்யும் வேலையைப் போலவே, உணர்ச்சியை அடக்கி முகத்தில் இனிமையைக் காட்டுவதும் ஓர் உழைப்பு, அதுவும் சம்பளத்துக்காக விற்கப்படும் உழைப்பு என்பது அவர் கருத்து. சான் வான் மானன் என்ற பேராசிரியர் இளமையில் டிஸ்னிலேண்டிலேயே வேலை பார்த்தவர். பின்னாளில் அவர் எழுதிய கட்டுரைக்குச் ‘சிரிப்புத் தொழிற்சாலை’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். உடை, தலைமுடி, பேச்சு, புன்னகை எல்லாவற்றுக்கும் அங்கே விதி இருந்ததை விளக்குகிறார். சிரித்தே பழகிய அந்தப் பணியாளர்கள் 1984-இல் சம்பளப் பிரச்சினைக்காக 22 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 2024-இல் அங்குக் கதைமாந்தர் வேடமிட்டு நடிப்பவர்கள் வாக்களித்துத் தங்களுக்குத் தொழிற்சங்கம் அமைத்துக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிய செய்தியன்று. ஆனாலும், சுண்டெலி வேடத்துக்குள்ளிருப்பவருக்கும் சங்கம் தேவைப்படுகிறது என்பதை அறிந்தபோது அந்தத் தந்தையின் கேள்வி சிறுபிள்ளைத்தனமானது அன்று என்பது உறுதியாயிற்று.

சிரிக்காமல் நிற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரும் தமிழ்நாட்டில் இருந்தார். சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வி.ஜி.பி. பொழுதுபோக்குப் பூங்காவின் ‘சிலை மனிதர்’ அவர். சென்னைக்குச் சுற்றுலா போய்வந்த பெற்றோர் பலரும் அவரைப் பார்த்திருப்பீர்கள். மிடுக்கான காவலர் உடை, பெரிய மீசை, அசையாத கண். இலண்டன் பக்கிங்காம் அரண்மனைக் காவலர்களைப் பார்த்துவிட்டு வந்த வி.ஜி. பன்னீர்தாசுக்குத் தோன்றிய எண்ணம் அது என்பார்கள். அவரைச் சிரிக்க வைப்பவருக்குப் பரிசு என்று அறிவிப்பும் உண்டு. முகத்துக்கு முன்னால் கையாட்டியவர்கள், குரங்குச் சேட்டை செய்தவர்கள், ஏசியவர்கள் என்று எத்தனை ஆயிரம் பேர்! ஒரே மனிதர் பல பத்தாண்டுகள் அப்படி நின்றார். அப்பூங்காவின் இராட்டினங்களை மறந்தவர்கள்கூட அவரை மறக்கவில்லை. பூங்கா அவருக்குத் தூதர் என்று பட்டம் கொடுத்ததா என்பது இருக்கட்டும். மக்கள் மனத்தில் பூங்காவின் முகம் அவர்தான்.

ஆனால், அவர் பேசக் கூடாது. அங்கேதான் என் மாணவிக்குக் கிடைத்த வாய்ப்பின் மதிப்பு எனக்குப் புரிந்தது. அவளைப் பேசச் சொல்கிறார்கள். அவளுடைய பாட்டனார் தோட்டத்தில் துரைக்கு முன்னால் மிதிவண்டியை விட்டு இறங்கி நின்றவர். பேசுவதற்கு அவருக்கு இடமில்லை. தந்தை பேசக்கூடியவர்தான். ஆனால் அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மூன்றாம் தலைமுறையில் ஒரு பெண்ணிடம் ‘எங்கள் சார்பில் நீ பேசு’ என்கிறார்கள். அது சிறிய பூங்காவாக இருந்தால் என்ன?

ஒரு கிழமை கழித்து அவர்களிடம் போனேன். ‘போகட்டும்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ நான் சொல்லவில்லை. நிருவாகத்திடம் சிலவற்றைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யச் சொன்னேன். ஒரு சறுக்கு பழுதாகி மூடிக் கிடந்தால், ‘இன்று அது இல்லை’ என்று வருகிறவர்களிடம் நீ சொல்லலாமா? கண்காட்சிக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாகக் கணக்கிடப்படுமா? இந்தப் பொறுப்பு எத்தனை காலத்துக்கு, அதற்குப் பின் உனக்கு எந்த வேலை? முதல் கேள்வியைத்தான் நான் அழுத்திச் சொன்னேன். மற்றவை சம்பளக் கணக்கு. முதலாவது நம் பாட்டனார் காலத்துக் கணக்கு.

அவள் எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். மூன்றுக்கும் விடை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பற்றிய விடை அவ்வளவு திருப்தியாக இல்லை என்றாலும் ஏற்றுக்கொண்டாள்.

நான்கைந்து மாதம் கழித்து அந்தத் தந்தை முதன்முறையாக அப்பூங்காவுக்குப் போயிருக்கிறார். மகள் வரவழைத்திருக்கிறாள். அறுபது வயதுக்கு மேல் நீர்ச்சறுக்கில் ஏறவா போகிறார்? நுழைவாயில் அருகே நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். பேரப்பிள்ளையோடு வந்த ஒரு சீன மூதாட்டி, பெரிய சறுக்கைக் காட்டி, அதற்காகவே கோலா கெடாவிலிருந்து வந்தோம் என்று மலாயில் சொல்லியிருக்கிறார். இவள் பிள்ளையை அளவுகோல் அருகே நிறுத்திப் பார்த்துவிட்டு, ‘உயரம் பற்றாது பாட்டி, அந்தச் சறுக்குக்காகத்தான் என்றால் இன்று சீட்டு வாங்க வேண்டாம், இரண்டு ஆண்டு கழித்து வாருங்கள், சிறுவர் குளம் போதுமென்றால் வாங்குங்கள்’ என்று சொல்லியிருக்கிறாள். இதை என்னிடம் சொல்லும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “வர வேணாம்னுகூடச் சொல்றா வாத்தியாரே!”

கோலா கெடா என்றதும் நினைவுக்கு வருகிறது. அங்குள்ள படகுத்துறையிலிருந்து லங்காவிக்குப் படகேறிப் போனவர்களுக்குத் தெரியும். ஒன்றே முக்கால் மணி நேரம் கடலில் குலுங்கி, குவா துறையில் இறங்கியதும், வாடகை வண்டிக்கும் தங்கும் விடுதிக்கும் தீவுச் சுற்றுலாவுக்கும் ஆள் பிடிக்க வருவோர் நம்மைச் சூழ்ந்துகொள்வார்கள். மாச்சிஞ்சாங் மலைக் கம்பிவட ஊர்தியைப் பார்ப்பதற்கு முன்பே, மசூரியின் கதையைக் கேட்பதற்கு முன்பே, லங்காவி எப்படிப்பட்ட ஊர் என்பதை அவர்கள் நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். அரசு எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் அந்தத் தீவின் தூதர்கள் அவர்கள்தாம். கல்விச் சுற்றுலாவுக்கு நாற்பது பிள்ளைகளோடு போய் இறங்கியபோது, ஒரு மலாய்க்காரப் பெரியவர், ‘மேகம் இறங்கினால் மலைமேல் ஒன்றும் தெரியாது, காலையிலேயே போய்விடுங்கள், பிறகு வந்து என் வண்டியை எடுத்துக்கொள்ளலாம்’ என்று தம் வருமானத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். மறுமுறை போனபோதும் அவரைத்தான் தேடினேன்.

இனி நம் பக்கம். நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும் பகுதி தோட்டப்புறத்தில் தொடங்கியவை. 150-க்கும் குறைவான பிள்ளைகளைக் கொண்ட பள்ளிகள் கெடாவில் எத்தனை என்று ஆசிரியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புதிய ஆண்டுச் சேர்க்கைக்கு முன் நாம் வீடுவீடாகப் போகிறோம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு, சொந்த மக்களிடம், சொந்த மொழியில் பள்ளியைப் பற்றிப் பேசுகிறோம். பெற்றோர் நம் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். சேர்த்த பிள்ளையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது சட்டப்படி உண்மை. ஆனால் பிள்ளையின் முதலாம் ஆண்டு திரும்பி வராது. கணினி அறை இருக்கிறது என்று சொல்கிறோமே, அதில் எத்தனை கணினி இயங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோமா? நான் இரண்டையும் சொல்ல வேண்டும் என்ற கட்சி. சேர்க்கை குறைந்துவிடும் என்று அஞ்சும் நண்பர்களோடு இதில் எனக்கு நெடுநாள் வழக்கு. கணினி ஓடவில்லை என்று கேட்டபின், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்து பழுதுபார்க்க முன்வந்த தந்தையையும் நான் பார்த்திருக்கிறேன். கேட்டுவிட்டு வேறு பள்ளிக்குப் போனவர்களும் உண்டு. அதை மறைக்க முடியாது.

இப்போது எங்கள் பள்ளியில் விருந்தினர் வந்தால், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுள் இருவர் அவர்களை அழைத்துச் சென்று பள்ளியைச் சுற்றிக் காட்டுகிறார்கள். மாதத்துக்கு இருவர். அழகாக இருப்பவர், வெள்ளையாக இருப்பவர் என்று ஆசிரியர்கள் பொறுக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கும் முறை வரும். மனப்பாடம் செய்த உரை கிடையாது. முதல் கிழமை அவர்களே பள்ளியைச் சுற்றி வந்து, சத்துணவுக் கூடத்து அக்காவிடமும் தோட்டக்காரரிடமும் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது, பழைய கட்டடம் எது, மாமரத்தை நட்டவர் யார் என்பதையெல்லாம் பிள்ளைகள் இப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். சில செய்திகள் எனக்கே புதியவை.

சென்ற தவணையில் ஒருநாள் நன்கொடையாளர் சிலர் வந்திருந்தனர். அம்மாதத்துத் தூதருள் ஒருவன் மிகவும் கூச்சமுள்ள பையன். நூலகத்துக்கு அழைத்துப் போனான். தலைமையாசிரியரும் நானும் பின்னால் போனோம். அலமாரிகளைக் காட்டினான், எத்தனை கதைப்புத்தகம் இருக்கிறது என்று சொன்னான், வாசிப்புப் பதிவேட்டைத் திறந்து காட்டினான். வந்தவர்களுள் ஒருவர், “அந்த மூலையில மட்டும் ஏன் தம்பி அலமாரி இல்ல?” என்று கேட்டார்.

“மழ பேஞ்சா அங்க ஒழுகுங்க ஐயா. புத்தகம் நனைஞ்சிரும்,” என்றான்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.